டயரைப் பெரிசாக்கினா வண்டியில என்னென்ன மாறும்?

ரோட்டுல ஒரு பிக்கப் போகுது. ஆளுயரத்துல பாதிக்கு டயர், மட்கார்டைத் தாண்டி வெளிய தெரியுற கறுப்பு அலாய். திரும்பிப் பார்க்காம இருக்க முடியுமா? அடுத்த நிமிஷமே யூடியூப்ல தேட ஆரம்பிச்சிடுவோம். வீட்டுல அண்ணனோ சித்தப்பாவோ ஒரு பிக்கப் வெச்சிருந்தா, "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, எந்த சைஸ் போடலாம்னு சொல்லு"ன்னு நம்மகிட்டயே கேட்பாங்க.

நல்ல கேள்விதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒன்றைப் புரிஞ்சுக்கணும். டயரின் விட்டம் வெறும் அழகு சம்பந்தப்பட்ட எண் இல்லை. வேகம், இழுவை, பிரேக், ஸ்டீயரிங், பேரிங்னு பல கணக்குகளுக்குள்ள அது இருக்கு. அந்த ஒரு எண்ணை நாம மாத்தினா, மத்ததெல்லாம் நம்மைக் கேட்காமலே மாறும். எது எவ்வளவு மாறும்னு ஒரு நிஜ வண்டியை வெச்சுப் பார்ப்போம். நம்ம ஊர்ல அதிகமா மாடிஃபை ஆகிற பிக்கப் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். அதையே எடுத்துக்கலாம்.

எண்களைப் படிக்கக் கத்துக்குவோம்

18 இன்ச் வீலோட வர்ற வி-கிராஸ்ல டயர் சைஸ் 255/60 ஆர்18. இதுல 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர்ல. 60 என்பது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்ல. ஒரே அளவுக்குள்ள மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூணும் கலந்து கிடக்குது. உலகம் முழுக்க அப்படித்தான், பழகிக்கணும்.

மொத்த விட்டம் எவ்வளவு? பக்கச்சுவர் 255 × 0.60 = 153 மி.மீ. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, ஆக 306. ரிம் 18 × 25.4 = 457.2. கூட்டினா 763 மி.மீ.

இதுக்குப் பதிலா ஆஃப்-ரோடு ஆட்கள் விரும்பிப் போடுற சைஸ் 265/70 ஆர்17. ரிம் ஒரு இன்ச் சின்னது, ஆனா பக்கச்சுவர் 185.5 மி.மீ. மொத்தம் 803 மி.மீ. இன்னும் ஆசைப்பட்டா 285/70 ஆர்17. அது 831 மி.மீ., ஏறக்குறைய 33 இன்ச்.

அதாவது பழைய டயரை விட முதல் மாற்றம் 5.2 சதவீதம் பெரிசு, இரண்டாவது 8.9 சதவீதம் பெரிசு. இந்த ரெண்டு எண்களையும் மனசுல வெச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இதுலதான் ஓடுது.

கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு கூடும்? விட்ட வித்தியாசத்துல பாதிதான். 265/70 போட்டா 20 மி.மீ., 285/70 போட்டா 34 மி.மீ. "இவ்வளவுதானா?"ன்னு தோணுதா? ஆமா, இவ்வளவுதான். ஆனா இந்த 20 மி.மீ. கிடைக்கிறது டிஃபரன்ஷியலுக்கு அடியில. லிஃப்ட் கிட் பாடியைத் தூக்குமே தவிர, பின்னாடி இருக்கிற ஆக்ஸிலைத் தூக்காது. ஆக்ஸிலைத் தூக்க ஒரே வழி பெரிய டயர்தான். அதனாலதான் கல்லு, பாறைன்னு போறவங்க டயருக்குக் காசு போடுறாங்க.

மீட்டர் சொல்றது இனி உண்மை இல்லை

வீல் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் வண்டிக்குத் தெரியும். ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் போகும்னு கம்பெனி முன்னாடியே எழுதி வெச்சிருக்கு. நாம டயரை மாத்தினது அதுக்குத் தெரியாது. அதனால மீட்டர் காட்டுற அதே வேகத்துல, வண்டி முன்னைவிட 5.2 சதவீதம் வேகமா போகும்.

ஐ.நா.வின் வாகன விதி எண் 39 படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தை விடக் குறைச்சுக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம். 100 கி.மீ. உண்மை வேகத்துக்கு 114 வரைக்கும் காட்ட அனுமதி உண்டு. அதனாலதான் பல வண்டிகள்ல ஜி.பி.எஸ். வேகத்தை விட மீட்டர் கொஞ்சம் அதிகமா இருக்கும். அது ஒரு பாதுகாப்பு இடைவெளி. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்னுடும். சில சமயம் மறுபக்கத்துக்கே போயிடும்.

ஓடோமீட்டரும் அப்படியே. 10,000 கி.மீ. காட்டும்போது முன்னைய கணக்குப்படி 10,520 ஓடியிருக்கும். சர்வீஸ் தேதியும் தள்ளிப்போகும். "டயர் மாத்தினதும் மைலேஜ் இறங்கிடுச்சு"ன்னு பலர் சொல்றதுல ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். மைலேஜ் உண்மையிலேயும் குறையும், ஆனா மீட்டரை நம்பிக் கணக்குப் போட்டா குறைஞ்சதை விட அதிகமா குறைஞ்ச மாதிரி தெரியும்.

இழுவை, பிரேக், ஒரு கனக் கணக்கு

விசை = டார்க் ÷ ஆரம். முதல் வருஷ மெக்கானிக்ஸ்தான். 1.9 லிட்டர் வி-கிராஸ் இன்ஜின் 360 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்குது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் தாண்டி வீலுக்கு வர்ற டார்க் மாறப்போறதில்லை. ஆனா ஆரம் 5.2 சதவீதம் கூடினா, தரையைத் தள்ளுற விசை சுமார் 5 சதவீதம் குறையும். எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுபோன மாதிரி. நெடுஞ்சாலையில இது பெரிசா தெரியாது. மலைப்பாதை ஹேர்பின்ல லோடோட ஏறும்போது தெரியும். அமெரிக்காவுல ரொம்பப் பெரிய டயர் போடுறவங்க டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தையே மாத்தி ரீ-கியர் பண்றது இதுக்காகத்தான்.

இழுவை குறைஞ்சா வண்டி மெதுவா போகும், பரவாயில்லை. பிரேக்குக்கும் இதே சமன்பாடுதான் என்பதுதான் விஷயம். பெடலை அதே அளவு மிதிச்சா டிஸ்க் கொடுக்கிற டார்க் அதேதான். தரையில கிடைக்கிற நிறுத்து விசை 5 சதவீதம் குறைவு.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. மீட்டர்ல அதே 100. உண்மை வேகம் 1.052 மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால 1.107 மடங்கு. நிறுத்து விசையோ 1.052 மடங்கு குறைவு. நிற்கிற தூரம் = ஆற்றல் ÷ விசை. ஆக 1.107 × 1.052 = 1.164.

அதாவது விட்ட விகிதத்தின் கனம். மீட்டர்ல அதே வேகம், பெடல்ல அதே மிதி, ஆனா வண்டி 16 சதவீதம் தள்ளிப்போய் நிக்கும். 285/70 போட்டிருந்தா 29 சதவீதம். 50 மீட்டர்ல நின்ன வண்டி 64 மீட்டர்ல நிக்கும். அந்த 14 மீட்டர்ல ஒரு ஜீப்ரா கிராஸிங்கும் அதைக் கடக்கிறவங்களும் இருக்கலாம்.

முழு பலத்தோட மிதிச்சு ஏ.பி.எஸ். வேலை செய்யுற நிலைமை வேற. அங்க எல்லையைத் தீர்மானிக்கிறது டயரின் பிடிப்பு, டிஸ்க் டார்க் இல்லை. ஆனாலும் வேகம் கூடினதுக்கான வர்க்கக் கணக்கு அப்பவும் நிக்கும். தினசரி ஓட்டத்துல நம்ம கால் பழகிப்போன மிதிக்கு இந்தக் கனக் கணக்கு பொருந்தும். டயர் மாத்தின முதல் வாரம் முன்னாடி வண்டிக்கு இடைவெளி கூட விடணும்னு சொல்றது இதனாலதான்.

எடை எங்க கூடுது என்பது முக்கியம்

கரடுமுரடான ஆல்-டெர்ரைன் டயர் ஒவ்வொண்ணும் பழைய டயரை விடச் சில கிலோ அதிகம் இருக்கும். கணக்குக்கு 5 கிலோன்னு வெச்சுக்கலாம். நாலு டயருக்கு 20 கிலோ. "ஒரு மூட்டை சிமென்ட்ல பாதி கூட இல்லையே"ன்னு நினைக்காதீங்க. சிமென்ட் மூட்டை நேரா மட்டும்தான் போகும். டயர் நேராவும் போகணும், சுத்தவும் செய்யணும். எடை வெளி விளிம்புல இருந்தா, வேகமெடுக்கும்போது அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு எடைக்குச் சமம். 20 கிலோ, 40 கிலோ மாதிரி நடந்துக்கும்.

அது மட்டுமில்லாம, இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கு. பள்ளத்துல இறங்கி ஏறும்போது இவ்வளவு எடையையும் ஷாக் அப்சார்பர்தான் அடக்கணும். டயர் தரையில ஒட்டாம தட்டித் தட்டிப் போற உணர்வு இங்கிருந்துதான் வருது.

அலாய் வாங்கும்போது மூணு எண்

முதல் எண் பி.சி.டி. வி-கிராஸ்ல 6 × 139.7. ஆறு போல்ட், 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துல. ஹைலக்ஸுக்கும் இதே அளவுதான். அதுக்காக அந்த வீலை அப்படியே இதுல மாட்டிடலாம்னு அர்த்தமில்லை.

ஏன்னா ரெண்டாவது எண் சென்டர் போர், அதாவது வீலின் நடு ஓட்டை. அது ஹப் மேல சரியா உட்காரணும். ஓட்டை பெரிசா இருந்தா வீலை நடுவுல நிறுத்துற வேலையும் நட்டுங்க தலையில விழும், நெடுஞ்சாலை வேகத்துல ஸ்டீயரிங் அதிரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் கிடைக்கும், கேட்டு வாங்குங்க. நட்டின் முகமும் பொருந்தணும். சில வீலுக்குக் கூம்பு முகம், சிலதுக்குத் தட்டை வாஷர் முகம். மாத்திப் போட்டா இறுகின மாதிரி தெரியும், ஓட ஓடத் தளரும்.

மூணாவதுதான் எல்லாரும் கோட்டை விடுற எண், ஆஃப்செட். வீலின் அகலத்துக்கு நடுக்கோடு ஒண்ணு போடுங்க. ஹப்ல ஒட்டுற முகம் அந்தக் கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கு என்பதுதான் ஆஃப்செட். வெளிப்பக்கம் தள்ளி இருந்தா பிளஸ், உள்பக்கம் இருந்தா மைனஸ். வெளிய தெரியுற அந்த "லுக்" வேணும்னா ஆஃப்செட்டைக் குறைப்பாங்க.

ஒரு உதாரணக் கணக்கு. 7.5 இன்ச் அகலம், பிளஸ் 30 ஆஃப்செட் வீலைக் கழட்டிட்டு, 9 இன்ச் அகலம், பூஜ்யம் ஆஃப்செட் வீல் போடுறோம். ஆஃப்செட்டால 30 மி.மீ., அகலத்துல பாதியால 19 மி.மீ. ஆக வெளி விளிம்பு 49 மி.மீ. வெளிய வரும். ஏறக்குறைய ரெண்டு இன்ச்.

பேரிங்குக்கு என்ன ஆகுது? முன் வீல் ஒண்ணு 550 கிலோ தாங்குதுன்னா அது சுமார் 5,400 நியூட்டன். அந்த விசை 30 மி.மீ. தள்ளிப்போனா, 162 நியூட்டன் மீட்டர் கூடுதல் வளைவுத் திருப்பம் எந்நேரமும் பேரிங் மேல உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் சுழல்ற அச்சுக்கும் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் இருக்கிற தூரமும் கூடும். ஒரு பக்க டயர் பள்ளத்துல விழுந்தா ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். ஸ்பேசர் போட்டாலும் இதே கதைதான், அது ஆஃப்செட்டைக் குறைக்கிற இன்னொரு வழி, அவ்வளவுதான்.

வீலோட தரத்தையும் பாருங்க. உள்பக்கம் அதிகபட்ச லோடு எத்தனை கிலோன்னு அச்சு இருக்கணும். ஜப்பான் தரமான ஜே.டபிள்யூ.எல். முத்திரை கார் வகைக்கு, ஜே.டபிள்யூ.எல்.-டி டிரக் வகைக்கு. கார் அலாயை பி.சி.டி. பொருந்துதுன்னு பிக்கப்ல மாட்டிட்டு பின்னாடி லோடு ஏத்தினா, விரிசல் எப்போ வரும் என்பது மட்டும்தான் கேள்வி.

உரசுதா இல்லையா?

நிறுத்தி வெச்ச வண்டியில எந்த டயரும் உரசாது. கடையில மாட்டின உடனே ரெண்டு சோதனை செய்யச் சொல்லுங்க. ஒண்ணு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கணும். ரெண்டு, ஒரு முன் வீலை மட்டும் மேட்டுல ஏத்தி, சஸ்பென்ஷன் முழுசா அமுங்கின நிலையில அதே மாதிரி ஸ்டீயரிங்கை ஒடிச்சுப் பார்க்கணும். மட் ஃபிளாப், உள் லைனர், மட்கார்டுக்குப் பின்னாடி சேஸிஸ் மேல பாடி உட்கார்ற இடம், இந்த மூணுலதான் பெரும்பாலும் தட்டும். புது வீலுக்கும் பிரேக் காலிப்பருக்கும் நடுவுல இடைவெளி இருக்கான்னும் பாருங்க, ரிம்மை ஒரு இன்ச் குறைக்கும்போது இது முக்கியம்.

லோடு இன்டெக்ஸும் ஸ்டெப்னியும்

சைஸுக்குப் பக்கத்துல 112 எஸ் மாதிரி ஒரு குறி இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், எஸ் என்றால் 180 கி.மீ. வேகம் வரை. கம்பெனி டயர்ல இருக்கிற எண்ணை விடக் குறைஞ்சது எதையும் வாங்காதீங்க. பிக்கப் என்பது லோடு ஏத்துறதுக்கான வண்டி.

எல்.டி. என்று அச்சான லைட் டிரக் டயர் வாங்கினா இன்னொரு கவனம் வேணும். அதே லோடைத் தாங்க, சாதாரண டயரை விட அதுக்கு அதிகக் காத்து வேணும். கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற பிரஷர் பழைய டயருக்கானது. புது டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைப் பார்த்துத்தான் காத்து அடிக்கணும்.

காசு மிச்சம் பிடிக்க நாலு மட்டும் வாங்கி, பழைய டயரையே ஸ்டெப்னியா விடுறது வழக்கம். வி-கிராஸ் 4×4ல இது ஆபத்து. அதுல நடு டிஃபரன்ஷியல் கிடையாது. 4×4 போட்டதும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்துல சுத்தக் கட்டாயம். ஒரு வீல் மட்டும் 5 சதவீதம் சின்னதா இருந்தா, பிடிப்புள்ள தரையில அந்த வித்தியாசம் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். காட்டுக்குள்ள பஞ்சர் ஆகி ஸ்டெப்னி மாட்டுறோம், அப்பதான் 4×4 தேவைப்படுது, அப்பதான் போடக் கூடாது. அதனால அஞ்சு டயர் வாங்குங்க. அஞ்சாவது, வண்டிக்கு அடியில ஸ்டெப்னி தொங்குற இடத்துல அடங்குதான்னும் அளந்து பாருங்க.

மணல்ல போகத்தான் பெரிய டயரா?

"ஆஃப்-ரோடு போகணும், அதான் பெரிசு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. டயர் தரையைத் தொடுற பரப்பு, தோராயமா, லோடு ÷ காத்தழுத்தம். 550 கிலோவை 30 பி.எஸ்.ஐ.ல தாங்க சுமார் 260 சதுர செ.மீ. பரப்பு வேணும். காத்தை 15ஆகக் குறைச்சா 520. பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் லோடைத் தாங்குறதால இது துல்லியக் கணக்கு இல்லை, ஆனா திசை சரி. ஒரு பைசா செலவில்லாம தொடு பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு! கம்பெனி டயரையே வெச்சுக்கிட்டு கடற்கரை மணல்ல தாண்ட இது பல நேரம் போதும். ஆனா தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்பக் காத்து அடிச்சே ஆகணும். குறைஞ்ச காத்துல வேகமா போனா டயர் சூடாகிக் கிழியும். அதனால முதல்ல வாங்க வேண்டியது ஒரு சின்ன கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும்.

அப்போ பெரிய டயருக்கு அர்த்தமே இல்லையா? இருக்கு. ஐஸ்லாந்துல 1990ல தொடங்கின ஆர்க்டிக் டிரக்ஸ், ஹைலக்ஸுக்கு 38 இன்ச் டயர் மாட்டி, காத்தை ரொம்பக் குறைச்சு, பனி மேல புதையாம ஓட்டுறாங்க. ஆனா அவங்க டயர் மட்டும் மாத்துறதில்லை. மட்கார்டை அகலப்படுத்தி, சஸ்பென்ஷனை உயர்த்தி, கியர் விகிதத்தை மாத்தி, ஒரு முழு சிஸ்டமா வடிவமைக்கிறாங்க. நாம போட்டோவுல பார்க்கிறது அதுல டயரை மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாத்தக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில இதை உறுதியாச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்துல வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும் விதிக்க வழி வெச்சிருக்கு. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் முதல்ல பார்க்கிறதும் இதைத்தான். கம்பெனியே ஓனர் மேனுவல்ல கொடுத்திருக்கிற மாற்று சைஸ் ஏதாவது இருந்தா, அதுதான் நிம்மதியான வழி.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

சித்தப்பா கேட்டா இந்த வரிசையில பதில் சொல்லுங்க.

1. எதுக்காக? அழகுக்கா, மணலுக்கா, பாறைக்கா? மண் ரோடுதான்னா, அதே சைஸ்ல ஆல்-டெர்ரைன் டயர் போதும். பிடிப்பு கூடும், மேலே சொன்ன விட்டக் கணக்கு எதுவும் மாறாது.
2. புது விட்டத்தைப் பழைய விட்டத்தால வகுத்துப் பாருங்க. அதன் கனம்தான் உங்க பிரேக் தூரம்.
3. லோடு இன்டெக்ஸ் குறையக் கூடாது. வீல்ல லோடு அச்சு இருக்கணும்.
4. பி.சி.டி., சென்டர் போர், ஆஃப்செட், நட்டு முகம். நாலும் பொருந்தணும்.
5. அஞ்சு டயர்.
6. மாட்டினதும் வீல் அலைன்மென்ட். 50 முதல் 100 கி.மீ. ஓடினதும் நட்டை டார்க் ரெஞ்ச்சால திரும்ப இறுக்கணும்.
7. ஜி.பி.எஸ்.ஸை மீட்டரோட ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி டாஷ்போர்டுல ஒட்டுங்க. வண்டியை வேற யாராவது ஓட்டும்போது அவங்களுக்கும் தெரியணும்ல.

இத்தனையும் பார்த்த பிறகும் பெரிய டயர்தான் வேணும்னு முடிவு பண்ணா, தாராளமா கணக்கோட போய்ப் பேசுங்க. கடைக்காரர் "எல்லாம் செட் ஆகும் தம்பி"ன்னு சொன்னா, "எத்தனை ஆஃப்செட்டுண்ணா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அவர் சொல்ற பதில்லயே கடை எப்படின்னு தெரிஞ்சிடும்.